நாற்றங்கால் பச்சை

ஆறு பேர் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நானும் ஒருவரையாவது வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அந்தக் காலத்தில் என் ஒரே ஆசை. கல்யாணம் ஆகவேண்டும் என்றுகூட அவ்வளவு ஆசை இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கு முதலில் யாராவது வேண்டும் என்று சொல்லியாக வேண்டுமே, அங்கேதான் இடித்தது.

ஐம்பத்திரண்டாம் வருஷம் எனக்கு இருபத்துநான்கு வயது. இறச்சகுளத்தில் எங்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம், பாட்டக் குத்தகைக்குக் கொஞ்சம் என்று வயல் இருந்தது. அப்பா அய்யம்பெருமாள் பிள்ளை மூன்று வருஷத்துக்கு முன் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அண்ணன் தம்பி கிடையாது. அதிலிருந்து விதைப்பு, உரம், தண்ணீர் முறை எல்லாம் என் பாடு. வெள்ளாளப் பெண் வரப்பில் நின்று வேலை வாங்குகிறாளே என்று ஊர் முதலில் மூக்கின்மேல் விரல் வைத்தது. எங்கள் விளைச்சலைப் பார்த்தபிறகு விரலை எடுத்துவிட்டது. நான் பிறக்கும்போதே கறுப்பு, மிச்சத்தை வரப்பு வெயில் பார்த்துக்கொண்டது.

பெண் பார்க்க வந்த ஆறு கூட்டமும் பழமும் அல்வாவும் தின்றுவிட்டு, "நிறம் கொஞ்சம் கொறவு" என்று சொல்லி அனுப்பின. என் அம்மா உலகம்மாள் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டாள். அவள் கண்ணுக்கு என் நிறத்தில் ஒரு குறையும் கிடையாது, குற்றமெல்லாம் சேலையுடையது. முதல் தடவை உடுத்திய அரக்குச் சேலைதான் காரியத்தைக் கெடுத்தது என்று அடுத்த தடவை மாம்பழ மஞ்சள் உடுத்திவிட்டாள். மஞ்சள் சதி செய்துவிட்டது. அப்புறம் நீலம், கத்தரிப்பூ, சந்தனம், கடைசியில் ஒரு ரோஜா நிறம். ஆறும் சொந்தக்காரர்களிடம் வாங்கிய இரவல். ஆறாவது ஆளும் போனபிறகு இரவல் கேட்டால் எல்லார் வீட்டிலும் பெட்டிச் சாவி காணாமல் போயிருந்தது. என் தோளில் ஏறி அந்தச் சேலைகளுக்கு ராசி கெட்டுவிட்டதாம்.

முகப்பவுடர் கதை தனி. அம்மா அப்பி முடித்தபிறகு கண்ணாடியில் பார்த்தால் கழுத்துக்கு மேல் ஒருத்தியும் கழுத்துக்குக் கீழ் வேறொருத்தியும் இருப்பார்கள். வந்தவர்கள் எவளை வேண்டாம் என்றார்கள் என்பது எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது.

ஏழாவதாக ஒரு ஜாதகம் பொருந்தியது. தேரூர் நாராயணபெருமாள் பிள்ளையின் மகன் குலசேகரன், நாகர்கோவில் கோர்ட்டில் குமாஸ்தா. அந்தச் சமயத்தில்தான் கோட்டாற்றில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஜலாலுதீன் சாயிபு அப்பாவுக்குச் சொல்லியனுப்பினார். கொழும்பில் துரைசானிமார்களுக்கு உடுப்புத் தைக்கும் கடையில் பதினேழு வருஷம் இருந்த சத்தியநேசன் மாஸ்டர் ஊருக்கு வந்திருக்கிறாராம். ஆளை உட்காரவைத்துத் துணிகளைத் தோளில் போட்டுப் பார்த்து, எந்த நிறம் முகத்துக்கு ஏறும், எது ஏறாது என்று கச்சிதமாகச் சொல்லிவிடுவாராம். சாயிபின் கடையில் செவ்வாயும் வெள்ளியும் சோதனை.

அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆறு வருஷமாக அவள் சேலையைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள், கொழும்பும் அதையே சொல்கிறதே! எனக்கும் சந்தோஷம்தான். நிறம் சரியாக அமைந்தால் தேரூர்க்காரர்கள் வேண்டும் என்பார்கள். அவர்கள் சொன்ன மறுநிமிஷம் நான் வேண்டாம் என்பேன். அதை எந்தக் குரலில் சொல்வது என்றுகூட மாட்டுத்தொழுவத்தில் நின்று பழகிப் பார்த்துவைத்திருந்தேன்.

புரட்டாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வில்வண்டி கட்டிக்கொண்டு மூன்று பேரும் கோட்டாற்றுக்குப் போனோம். கும்பப்பூ சாகுபடிக்கு நான் பாவியிருந்த நாற்றுக்கு அன்றைக்குப் பதினைந்து நாள். நுனியில் லேசாகச் செம்மை கண்டிருந்ததால் உரக்கடையில் காட்டிக் கேட்கலாம் என்று ஒரு பிடி பிடுங்கி, ஈர வாழையிலையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். சேலைக்காகப் போகிற இடத்திலும் இவளுக்கு வயல் நினைப்புதான் என்று அம்மா வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

சத்தியநேசன் மாஸ்டர் ஒல்லியான மனிதர். கழுத்தில் அளவு நாடா, கண்ணில் தங்கக் கம்பிக் கண்ணாடி. முதல் வேலையாக என் முகத்தில் இருந்த பவுடரைப் பயற்றுமாவு போட்டுக் கழுவச் சொன்னார். வடக்குப் பார்த்த ஜன்னலருகே ஸ்டூலில் உட்காரவைத்து, தலைமுடி தெரியாமல் வெள்ளைத் துணியால் கட்டினார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். சாயிபின் இடுப்பில் இருந்த பச்சை பெல்ட்டின் நிறம் என் முகத்தில் அடிக்கிறது என்று பெல்ட்டின்மேல் துண்டைக் கட்டச் சொன்னார். அடுத்தது அப்பாவின் நெற்றி.

"பிள்ளே, அந்தச் சந்தனத்தக் கொஞ்சம் தொடச்சிரணும்."

"எம் நெத்தியில உள்ள சந்தனம் அவ மூஞ்சியில எப்பிடிவே அடிக்கும்?" என்றார் அப்பா.

"அடிக்கும். கொழும்புல ஒரு துரைசானி சோதனைக்கு வந்தப்பம் வாசல்ல நின்ன பூக்காரியவே எழுப்பி விட்டிருக்கேன்."

அப்பா துடைத்துக்கொண்டார். கொழும்பு என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் அவ்வளவு மரியாதை.

மொத்தம் முப்பத்திரண்டு துணி. ஒவ்வொன்றாக என் தாடைக்குக் கீழே விரித்துப் போட்டு, இரண்டடி பின்னால் போய், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். துணியைப் பார்க்கக்கூடாதாம், முகத்தைத்தான் பார்க்கவேண்டுமாம். பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"மஞ்சக்காமால," என்றார் எலுமிச்சை நிறத்துக்கு. நீலத்துக்கு "மூணு நாள் காய்ச்சல்." சாம்பல் நிறத்துக்கு "துட்டி வீட்டுல இருந்து வந்த முகம்." ரோஜா நிறத்தைப் போட்டதும் அவசரமாக எடுத்துவிட்டார். கருஞ்சிவப்புக்கு "மருமகளப் போட்டு அடிக்குத மாமியாரு" என்றார். இன்னும் கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் மருமகளை அடித்தாகிவிட்டது.

இருபது துணி தாண்டியதும் அம்மா அழத் தொடங்கினாள். இருபத்தைந்து தாண்டியதும் மாஸ்டருக்கே வியர்த்தது. முப்பத்திரண்டாவது வெள்ளை. அதைப் போட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பதினேழு வருசத்துல எனக்கு இப்பிடி நடந்தது இல்ல. எல்லாருக்கும் ஒரு நெறம் உண்டு. இந்தப் பிள்ளைக்கு ஒண்ணுகூட ஏறல்ல."

இதற்குள் ஜன்னலுக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. ஒருத்திக்கு ஒரு நிறமும் கொள்ளாது என்ற செய்தி சந்தைக்குள் போயிருந்தது போலும். கருவாடு வாங்க வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அழுவதை அந்த ஜனங்கள் பார்க்கக்கூடாது என்று மடியில் இருந்த நாற்றை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

"அசையாத!" என்று அலறினார் மாஸ்டர்.

நான் அசையவில்லை. அவர் கிட்டே வந்தார், பின்னால் போனார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இதுதான். இதுதான் இவளுக்குள்ள நெறம். சாயிபே, வந்து பாரும். முகம் தெளிஞ்சு எழும்பி வருது பாத்தீரா?"

சாயிபு பார்த்தார். அம்மா பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கருவாட்டுக்காரர்களும் "ஆமா, உள்ளதுதான்" என்றார்கள். கண்ணாடியை என் கையில் தந்தார்கள். நானும் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தேன். அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சாயிபு கடையில் இருந்த பச்சைத் துணி அத்தனையும் இறக்கினார். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை, ஒன்றும் ஒத்துவரவில்லை. நாற்றில் வெளிச்சம் உள்ளே புகுந்து வருகிறது, துணியில் அப்படி வராது என்று மாஸ்டர் விளக்கினார். சாயிபுக்குக் கோபம் வந்துவிட்டது.

"முப்பத்திரண்டு துணியும் கொள்ளாது, நாத்துதான் கொள்ளும்ணா நான் கடைய அடச்சிட்டு நாத்து விக்கட்டா? உம்ம எதுக்குவே இஞ்ச கொண்டாந்து வச்சேன்?"

மாஸ்டர் அதைக் காதில் வாங்காமல் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். நாற்றங்கால் பச்சை. சாயங்காலம் நாலு மணி வெயில். பவுடர் கூடவே கூடாது. கண்ணுக்கு மை, உதட்டுக்கு ஒரு வாய் வெற்றிலை, வேறொன்றும் வேண்டாம். அட்டையின் அடியில் இரண்டு நாற்றை நூலால் தைத்துத் தந்தார். வீட்டுக்குப் போவதற்குள் அது வாடிவிட்டது.

வழியெல்லாம் அப்பா அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். புத்தேரி தாண்டியதும் திடீரென்று வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"ஏட்டி உலகு, சேலைய நாத்தா ஆக்க முடியாது. செரி. பொண்ணக் கொண்டு நாத்துக்குள்ள இருத்தினா என்ன?"

வேறு ஊராக இருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள். எங்கள் மூன்று பேருக்கும் அது மிகவும் நியாயமாகப் பட்டது. எங்கள் நாற்றங்கால் மேட்டு வயலில், வண்டிப்பாதையை ஒட்டித்தான் இருந்தது. தேரூர்க்காரர்கள் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். வருகிற வழியில் பெண் தற்செயலாக நாற்றங்காலில் இருப்பாள், பார்த்துவிடுவார்கள், அப்புறம் வீட்டுக்கு வந்து அல்வா தின்றுவிட்டுச் சம்மதம் சொல்வார்கள். பத்தாம் நாள் வருவதாக ஏற்பாடு. நாற்றுக்கு அப்போது இருபத்தைந்து நாள் ஆகியிருக்கும், அவர்கள் போன மறுநாள் பிடுங்கி நட்டுவிடலாம். எல்லாம் கச்சிதமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் தேரூரில் மாப்பிள்ளையின் பெரிய அத்தை செத்துப்போனாள். பதினாறு நாள் துட்டி.

ஊரெல்லாம் நடவு முடிந்துகொண்டிருந்தது. எங்கள் வயல் மட்டும் உழுது, மரமடித்து, தண்ணீர் நிறுத்திச் சும்மா கிடந்தது. முப்பது நாள் ஆன நாற்றைப் பிடுங்காமல் வைத்திருப்பவளைப் பார்த்து நடவுக்காரிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நாற்று முற்றினால் என்ன ஆகும் என்பது அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நடவு வருஷம் இரண்டு தடவை வரும், எனக்கு ஒரு சம்மதம் ஆறு வருஷமாக வரவில்லை. பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றி, தண்ணீரை வடித்து வடித்துக் கட்டி, அந்தப் பச்சை போகாமல் காப்பாற்றினேன். மாஸ்டர் மூன்று நாளைக்கு ஒரு தடவை சைக்கிளில் வந்து, ஒரு நாற்றைப் பிடுங்கி என் தாடைக்குக் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு, "நெறம் இன்னும் நிக்கி" என்று சொல்லிப் போவார்.

துட்டி கழிகிற சமயத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடாத மழை. தாழ்ந்த வயல்பத்துகளில் நட்ட நடவு அழுகியது, பிந்திப் பாவியிருந்த நாற்றங்கால்கள் முங்கின. எங்களுடையது மேட்டு வயல், ஒன்றும் ஆகவில்லை. மழை விட்டபோது அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிடுங்காமல் நின்ற நாற்றங்கால் எங்களுடையது ஒன்றுதான். அது எதற்காக நிற்கிறது என்று கேட்டவர்களுக்கு அப்பா, "மகளுக்கு அது நல்லா ஏறும்" என்று பதில் சொன்னார். கேட்டவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

நாற்பத்துமூன்றாம் நாள் அவர்கள் வந்தார்கள்.

மாஸ்டர் மதியமே வந்துவிட்டார். நாற்று முழங்கால் உயரம்தான் இருந்தது. நின்றால் அதன் நிறம் என் பாதத்துக்குத்தான் ஏறும், முகத்துக்கு ஏறாது. ஆகவே உட்காரவேண்டும். நாற்றங்காலின் நடுவில் ஓர் ஆள் உட்காருமளவு நாற்றைப் பிடுங்கி, அடுக்களையில் இருந்த குரண்டிப் பலகையைக் கொண்டுவந்து சேற்றில் போட்டு என்னை உட்காரவைத்தார்கள். உடம்பில் வெளிறிய ஒரு கைத்தறிச் சேலை, கண்ணில் மை, வாயில் வெற்றிலை. மாஸ்டர் தென்னைமரத்துக்குப் பின்னால் குடையோடு ஒளிந்துகொண்டார். கம்பை ஊன்றிக்கொண்டு அப்பாவும், பக்கத்தில் அம்மாவும் வரப்பில் நின்றார்கள். பெண் எதற்காக நாற்றங்காலின் நடுவில் குரண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. வண்டி நிற்பதற்குள் நாராயணபெருமாள் பிள்ளை குதித்து இறங்கினார். பெரிய உடம்பு, வெள்ளை மீசை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே நாற்றங்காலுக்குள் இறங்கிவிட்டார்.

"லேய், இஞ்ச பாருங்கலே! ஐப்பசி பாதியில நாத்து!"

பின்னாலேயே மாப்பிள்ளையின் சித்தப்பா, மாமன், இன்னும் இரண்டு பேர். எல்லாரும் இறங்கினார்கள். ஒருவர் வேரோடு பிடுங்கி மோந்து பார்த்தார். ஒருவர் தண்டை ஒடித்துப் பார்த்து, "கணு விடல்ல கேட்டேளா" என்று கூவினார். எத்தனை நாள், என்ன விதை, பிண்ணாக்கு போட்டதா, ஆட்டுச்சாணம் போட்டதா என்று அப்பாவைப் பிடுங்கி எடுத்தார்கள். ஆறு மாச நெல்லு, நாற்பத்துமூன்று நாள் ஆனாலும் நடலாம் என்று சித்தப்பா சொன்னார். அதெப்படி நடலாம் என்று மாமன் சண்டைக்குப் போனார்.

நான் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். மாமன் என் தலைக்கு மேலாகக் கை நீட்டி அந்தப் பக்கத்து நாற்றைப் பிடுங்கினார். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. நிறம் குறைவு என்று சொல்லவாவது அந்த ஆறு கூட்டமும் பார்த்தார்களே என்று அப்போது எனக்குத் தோன்றியது. போதாக்குறைக்கு, குரண்டி மெல்ல மெல்லச் சேற்றில் தாழ்ந்துகொண்டிருந்தது. தென்னைமரத்துக்குப் பின்னால் இருந்து மாஸ்டர் முகமெல்லாம் பல்லாக எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தாழட்டும் என்று கையால் சைகை காட்டினார். தாழத் தாழ நாற்று தாடையை நெருங்குகிறதே, அந்தச் சந்தோஷம் அவருக்கு.

வரப்பில் ஒருவர் மட்டும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஒல்லி, நெடுநெடு உயரம், சட்டைப்பையில் இரண்டு பேனா.

"அப்பா, அந்தக் குரண்டி தாழுது போலருக்கே," என்றார்.

"பேசாம இருலே," என்றார் நாராயணபெருமாள் பிள்ளை நாற்றில் இருந்து தலையைத் தூக்காமல்.

அதுதான் குலசேகரன். எனக்கு அந்த நிமிஷம் வருத்தமாகிவிட்டது. மனிதர் மோசமில்லை. நான் வேண்டாம் என்று சொல்லப்போகிற ஆள் கொஞ்சம் மோசமாக இருந்திருக்கலாம்.

கால் மணி நேரம் கழித்து நாராயணபெருமாள் பிள்ளை நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டார். "அய்யம்பெருமாளு, எங்களுக்குப் பிடிச்சிருக்கு."

"பொண்ணா?" என்று கேட்டாள் அம்மா. பாவம், அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"எல்லாந்தான்."

ஆறு வருஷம் காத்திருந்த இடம் வந்துவிட்டது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் திறந்தேன்.

"எங்களுக்கும் சம்மதம்!" என்று அப்பா சத்தமாகச் சொன்னார்.

திறந்த வாய் திறந்தபடி இருந்தது. அப்பாவும் நாராயணபெருமாள் பிள்ளையும் கையைப் பிடித்துக்கொண்டார்கள், அம்மா கண்ணைத் துடைத்தாள். பெண்ணிடம் கேட்கிற வழக்கம் கிடையாது என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆறு தடவையும் காரியம் அதுவரை போகாததால் மறந்துவிட்டேன். தொழுவத்தில் நின்று பழகிய அந்தக் குரலுக்கு வேலையே இல்லாமல் போனது. அழுதால் மை கரையும், வேறு யாருக்காக இல்லாவிட்டாலும் மாஸ்டருக்காக அழாமல் இருந்தேன்.

"இன்னும் ஒரு காரியம்," என்றார் நாராயணபெருமாள் பிள்ளை. "நம்ம நாத்தெல்லாம் மழையில முங்கிப் போச்சு. இந்த நாத்து முச்சூடும் எனக்கு வேணும். நாளைக்கே வண்டி அனுப்புகேன்."

அப்பா தயங்கினார். எங்கள் சொந்த வயலே நாற்றுக்காகக் காத்துக்கிடந்தது. இருந்தாலும் சம்பந்தி கேட்கிறார். "நாத்து காரியம் எனக்கு ஒண்ணும் தெரியாது பாத்துக்கிடும்," என்றார். "பாவுனது அவ, வளத்தது அவ. அவகிட்டதான் கேக்கணும்."

நாராயணபெருமாள் பிள்ளை திரும்பினார். அப்போதுதான் என்னை முதல்முறையாகப் பார்த்தார். நான் இடுப்பளவு சேற்றில் இருந்தேன், நாற்று தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. குனிந்து, மிகவும் அன்பாக, குழந்தையிடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"மக்ளே, நாத்து தருவியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா, நடந்து காட்டு என்றெல்லாம் ஆறு கூட்டமும் கேட்டதுண்டு. தருவாயா மாட்டாயா என்று யாரும் கேட்டதில்லை.

"மாட்டேன்," என்றேன்.

"என்னது?"

"தர மாட்டேன்."

ஆகா, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது! உச்சந்தலை வரை குளிர்ந்தது. தொழுவத்தில் பழகியதைவிட நன்றாகவே வந்தது குரல். தென்னைமரத்துக்குப் பின்னால் இருந்து மாஸ்டர் தன்னை மறந்து வெளியே வந்துவிட்டார். குடைபிடித்த அந்நியன் ஒருவன் எங்கிருந்து முளைத்தான் என்று தேரூர்க்காரர்கள் திடுக்கிட்டுப் பார்த்தார்கள்.

"கேட்டேளா அய்யம்பெருமாளு," என்றார் நாராயணபெருமாள் பிள்ளை. மீசை துடித்தது. "நாத்துக்கே இல்லேன்னு சொல்லுத வீட்டுல நாங்க பொண்ணு எடுக்கதுக்கு இல்ல. லேய், வண்டியக் கெட்டு."

அல்வா தின்னாமல் போன ஒரே கூட்டம் அதுதான். நடவுக்காரிகள் இரண்டு பேர் வந்து என்னைச் சேற்றில் இருந்து பிடுங்கி எடுத்தார்கள். குரண்டி வரவில்லை. மாஸ்டர் அப்பாவிடம் வந்து, "என்மேல குத்தம் இல்ல பிள்ளே, நெறம் கடேசி வரைக்கும் நல்லாத்தான் நின்னுது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

ஏழாவது ஆளும் வேண்டாம் என்று போய்விட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்பா மட்டும் அன்று சாயங்காலமே, "நாளைக்கு நடவுக்கு ஆள் சொல்லட்டா?" என்று கேட்டார். சொல்லச் சொன்னேன். நாற்பத்துநான்காம் நாள் நாற்றைப் பிடுங்கி இரண்டே நாளில் நட்டு முடித்தோம். ஊர் பேசியதை நான் திருத்தவில்லை. நான்தான் சொன்னேன், நான்தான் சொன்னேன் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு வரப்பில் நடந்தேன். இடையிடையே அந்தச் செருப்பைக் கையில் பிடித்த மனிதரின் நினைப்பும் வந்து தொலைத்தது.

நடவு முடிந்த மறுநாள் காலை மடையில் நின்றுகொண்டிருந்தேன். சைக்கிள் ஒன்று வந்து நின்றது. அவர்தான்.

"அப்பா இன்னும் ஒருக்க கேட்டுட்டு வரச் சொன்னாரு," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "பொண்ணு வேண்டாமாம். நாத்து மட்டும் கிடச்சாப் போதுமாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. வயலைக் காட்டினேன். "நட்டாச்சு."

"வரும்போதே பாத்தேன்."

பார்த்துவிட்டவர் திரும்பிப் போகவேண்டியதுதானே? போகவில்லை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டு நின்றார்.

"அண்ணைக்கு மாட்டேன்னு சொன்னது நாத்துக்கு மட்டுந்தானா? இல்ல எனக்கும் சேத்தா?"

என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அப்பா கேட்டதில்லை, அம்மா கேட்டதில்லை. நாற்றுக்கு மட்டும்தான் என்று சொல்லவே வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் ஆறு வருஷமாக நாக்கில் காத்துக்கிடந்த சொல் முந்திக்கொண்டது.

"ரெண்டுக்கும்தான்."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. "செரி. கேட்டுட்டுப் போயிருவோம்னுதான் வந்தேன்," என்று சொல்லிச் சைக்கிளைத் திருப்பி ஏறினார்.

வாய்க்கால் பாலம் வரை போனவர் சட்டென்று நின்று கீழே இறங்கினார். நான் என்னை அறியாமல் வரப்பில் இரண்டு எட்டு முன்னால் வைத்துவிட்டேன். அவர் குனிந்தார். சைக்கிள் செயின் கழன்றிருந்தது. அதை மாட்டி, கையை வாய்க்காலில் கழுவிவிட்டு, ஏறிப் போய்விட்டார். வைத்த இரண்டு எட்டையும் பின்னால் எடுத்துக்கொண்டு நான் மடையை அடைக்கப் போனேன்.